காப்புக் கட்டிய கையும் ஒரு பழைய லேப்டாப்பும்

என் வீட்டுக்காரர் அன்பரசனுக்கு இரண்டு வயது. ஒன்று ஆதார் அட்டையில் இருக்கும் முப்பத்து மூன்று. இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மட்டும் வரும் இருபத்து நான்கு.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கை கால் கழுவி, லேப்டாப்பைத் திறந்து காதில் ஹெட்போனை மாட்டுவார். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தபோது அவரோடு ஒரே அறையில் இருந்த மூன்று பேர் அதே நேரத்துக்கு ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் மலேசியாவிலும் உட்கார்ந்திருப்பார்கள். நால்வரும் ஏதோ ஒரு தீவில் பாராசூட்டில் குதித்து, துப்பாக்கி பொறுக்கி, கண்ணில் பட்டவனையெல்லாம் சுடுவார்கள். இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரம் எங்கள் வீட்டில் அவர் சிரிப்பது கேட்கும். மற்ற நாட்களில் கேட்காது.

எங்கள் ஊர் படவேட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். பின்னால் ஜவ்வாது மலை, முன்னால் கரும்பு. கொரோனா ஊரடங்கில் இவர் இரண்டு சட்டையும் இந்த லேப்டாப்புமாக பைக்கில் வந்து இறங்கினார். பதினைந்து நாளில் திரும்பிவிடுவதாகத்தான் அறைச் சாவியை பாக்கெட்டிலேயே வைத்திருந்தாராம். அதற்குள் மாமனார் சின்னதம்பி டிராக்டர் டிரெய்லரிலிருந்து விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டார். கரும்பு வெட்டுக்கு நின்றது. வெட்டி முடித்தால் போகலாம் என்று பார்த்தால், வெட்டின கட்டையில் மறுபடி துளிர் விட்டது. துளிர் விட்டதை விட்டுவிட்டு யார் போவார்கள்? ஐந்து வருடமாக அது துளிர்த்துக்கொண்டே இருக்கிறது. நடுவில் என்னைக் கல்யாணம் செய்துகொண்டார்.

அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குடிக்க மாட்டார், குரல் உயர்த்த மாட்டார். ஆனால் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என் உயிரை வாங்குவார். எதைக் கேட்டாலும் “பாக்கறேன்” என்பார். மோட்டார் ரிப்பேரா? பாக்கறேன். எங்க அம்மா வீட்டுக்குப் போகலாமா? பாக்கறேன். முடியாது என்று சொல்லத் தெரியாதவர்கள் கண்டுபிடித்த சொல் அது. நாலு வருடத்தில் அவர் பார்க்கிறேன் என்று சொல்லிப் பார்த்தது ஒன்றுகூட இல்லை.

இந்த வருடம் மார்ச்சில் அந்த ஆட்டத்தைப் புதுப்பித்தார்கள். லேப்டாப்புக்கு ஒன்பது வயது. ஒரு பக்கத்துக் கீல் போய் ரப்பர் பேண்டில் நிற்கிறது. சூடு தாங்க அடியில் இரண்டு செங்கல், பக்கத்தில் டேபிள் ஃபேன். அதனால் புதியதை இழுக்க முடியவில்லை. மூன்று பேரும் தீவில் இறங்கி ஓடுவார்கள். இவருடைய ஆள் மட்டும் பாராசூட்டோடு வானத்திலேயே தொங்குவான். திரை உறைந்து நிற்கும். நண்பர்கள் மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார்கள். நாலாவது வாரம் ஓசூர்க்காரர் தயங்கித் தயங்கி, “மச்சி, நீ சரி பண்ணினு வா. அதுவரைக்கும் எங்க ஆபீஸ் பையன் ஒருத்தன சேத்துக்கறோம்” என்றார். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு இவர் நேராக மாட்டுக் கொட்டகைக்குப் போனார். அன்று மாட்டை இரண்டு தடவை குளிப்பாட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. பழையதில் ரேம் கூட்டலாமா, புதிதாக வாங்கலாமா. வீடியோ வீடியோவாகப் பார்த்தார். ஒருவன் ரேம் போதும் என்பான், அடுத்தவன் காசைக் குப்பையில் போடாதே என்பான். சாம்பார் தாளிக்கும்போது எனக்கே டிடிஆர் ஃபோர், டிடிஆர் ஃபைவ் என்று வாயில் வந்தது.

எனக்கும் ஒரு கவலை இருந்தது, அது லேப்டாப்பைவிடப் பெரியது. நான் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்தவள். வேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஜூன் ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இரவு வேலை. எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் ஏழு மணிக்கு. அங்கே வீடு எடுத்தால்தான் வேலை, இல்லையென்றால் இல்லை. இந்தக் கல்யாணத்துக்குப் பிறகு நான் கேட்ட ஒரே விஷயம் அது. அதிசயமாக அதற்கு மட்டும் அவர் பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. “போலாம். நான் அங்கிருந்து பைக்ல வந்து கழனிய பாத்துக்கறேன்” என்றார். எனக்குச் சீட்டு விழுந்த பணம் ஐம்பத்தேழாயிரம் இருந்தது. ஐம்பது வீட்டு அட்வான்சுக்கு, ஏழு லேப்டாப்பில் ரேம் போட. திங்கட்கிழமை இரண்டு பேரும் போய் இரண்டையும் முடிப்பது. மாமனாரிடம் எல்லாம் முடிந்த பிறகு சொல்வது. திருட்டுத்தனமாகப் பேசிக்கொண்ட அந்த ஒரு வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

சனிக்கிழமை ஊரில் திரௌபதி அம்மன் கோவிலுக்குக் காப்புக் கட்டினார்கள். பத்தாம் நாள் தீமிதி. சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனவர் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு திரும்பி வந்தார்.

எங்கள் பக்கத்தில் இது விளையாட்டில்லை. காப்புக் கட்டினவர் தீ மிதித்து முடிக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அம்மன் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது, ஊர் என்ன செய்யும் என்று தெரியும். நெருப்பில் இறங்குகிற அறுபது பேரில் எவன் காலில் ஒரு கொப்புளம் வந்தாலும் பழி எல்லை தாண்டினவன் தலையில்தான் விழும். பேரன் பேத்தி காலம்வரை பேசுவார்கள்.

“திங்கக்கெழம இன்னா கீதுன்னு தெரியாதா உங்களுக்கு?” என்றேன்.

“பூசாரி வூட்டுப் பேரச் சொல்லி கூப்ட்டாரு, கீதா. அப்பாவுக்கு முட்டி முடியல. எல்லாரும் என்னப் பாத்தாங்க.” கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கை தானா நீண்டுட்ச்சி.”

கை தானாக நீண்டதாம். இவரை என்ன சொல்லித் திட்டுவது? இருபது வருடம் அப்பா கட்டினதைப் பார்த்த கை. கூப்பிட்டால் நீளும். அந்தக் கணத்தில் அவருக்கு வேலூரே நினைவில் இல்லை. பக்கத்தில் நான் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பேன்.

ஆக, திங்கட்கிழமை நான் மட்டும் கிளம்பினேன். லேப்டாப் ஒரு பையில், பணம் இடுப்பில். மாமனாரிடம் லேப்டாப் ரிப்பேருக்கு என்று சொல்லியாயிற்று. என் வீட்டுக்காரர் எல்லைக்கல் வரைக்கும் வந்து பஸ் ஏற்றிவிட்டார். கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு அடி வைக்கவில்லை.

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் அருகே அந்தக் கடை. கடைக்காரர் கோகுலகிருஷ்ணன் என்னைவிட இளையவர். லேப்டாப்பைத் திருப்பி, திருகாணிகளைக் கழற்றி, மூடியைத் தூக்கினார். உள்ளே கரும்புத் தூசி மெத்தை போட்டிருந்தது. ஃபேனில் இரண்டு செத்த எறும்பு வரிசை.

“அக்கா, இது எதுக்கு யூஸ் பண்றீங்க?”

“வீட்டுக்காரர் கேம் ஆடுவாரு.”

ஆட்டத்தின் பெயரைச் சொன்னேன். அவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார். “ரேம் போடலாங்க்கா. ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி போடலாம். பட்டன் அமுக்குனா பத்து செகண்ட்ல ஆன் ஆவும். ஆனா படத்த ஓட்டற கிராபிக்ஸ் சிப்பு மதர்போர்டோட சேந்து வந்தது. அத மாத்த முடியாது. நீங்க எவ்ளோ செலவு பண்ணாலும் அந்த கேம் இதுல ஓடாது. பொய் சொல்லி காசு வாங்க மனசு வரல.”

பிறகு கண்ணாடி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். கறுப்பாக, கனமாக, எழுத்துகளுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிகிற ஒன்று. ஒரு கம்பெனியிலிருந்து திரும்பி வந்ததாம், ஒரு வருடம் வாரண்டி. பழையதை எடுத்துக்கொண்டு ஐம்பத்து மூன்றாயிரம். என் இடுப்பில் இருந்த பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு விலை சொன்ன மாதிரி இருந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“வுடு கீதா. வூட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துடு. ரேம் மட்டும் போட்டுனு வா, எனக்கு அது போதும்” என்றார்.

அது போதாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கடையில் லேப்டாப்பை வைத்துவிட்டு, வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று கிளம்பினேன்.

வீடு சத்துவாச்சாரியில், மாடியில். இரண்டு அறை, இரண்டு பக்கமும் ஜன்னல், குழாயைத் திறந்தால் தண்ணீர். அறைக்கு அறை நடந்து பார்த்தேன். யாரும் என்னை ஏன் நடக்கிறாய் என்று கேட்கவில்லை. வீட்டுக்கார அம்மாள் ஜெயம்மாள் மோர் கொடுத்தார். பணத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“வூட்டுக்காரர் வரலியாம்மா?”

“ஊர்ல திருவிழாங்க. காப்புக் கட்டிகீறாரு.”

“நீ தங்கமான பொண்ணாதான் தெரியற. ஆனா ஆம்பள வந்து கையெழுத்துப் போடாம நான் யாருக்கும் வுட்டதில்ல. தனிப் பொம்பளைக்கு வுட்டுட்டு முன்ன ஒரு தபா ரொம்ப பட்டுட்டேன். இன்னிக்கி அஞ்சு மணிக்கு வேற பார்ட்டி வராங்க. அதுக்குள்ள அவர வரச் சொல்லு, உனக்கே தரேன்.”

பணம் என்னுடையது, வேலை என்னுடையது, கையெழுத்து மட்டும் காப்புக் கட்டின கையிலிருந்து வர வேண்டும். ஜெயம்மாளிடம் சண்டை போடத் தோன்றியது. வீடு வேண்டுமே, போடவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து அவருக்குப் போன் செய்தேன். மணி ஒன்று.

“இன்னாங்க, நீங்க வந்தாதான் வூடு கெடைக்கும். அஞ்சு மணிக்குள்ள.”

“கையில காப்பு கீதே கீதா.”

“துண்டப் போட்டு மறச்சினு வாங்க. ரெண்டு மணி நேரம். கரும்புக்குள்ள பூந்து ரோட்டுக்கு வந்தா யாருக்கும் தெரியாது. நான் இதுவரைக்கும் உங்கள எதனா கேட்டுகீறனா?”

மறுமுனையில் மேளச் சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னார். “பாக்கறேன்.”

நான் போனை வைத்துவிட்டேன்.

ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். மனம் கேட்கவில்லை. இரண்டு மணிக்குக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. இரண்டரைக்குக் கூப்பிட்டேன், மூன்றுக்குக் கூப்பிட்டேன். வெயில் படி படியாக ஏறி என் காலுக்கு வந்தது. ஜெயம்மாள் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். மூன்றே முக்காலுக்கு ஒருவழியாக எடுத்தார்கள். மாமனார்.

“அன்பு போன வூட்லயே வெச்சிட்டு பூட்டாம்மா. கோயிலாண்ட கூத்துக்கு கொட்டாய் போடறாங்க, அங்கதான் இருப்பான். இன்னா சேதி? லேப்டாப் ரெடியாய்ட்ச்சா?”

“ஒண்ணுமில்ல மாமா.”

போனை வீட்டில் போட்டுவிட்டுக் கொட்டாய் போடப் போயிருக்கிறார். என் தொல்லை தாங்காமல். நான் இங்கே யாரோ வீட்டுப் படியில் பிச்சைக்காரி மாதிரி உட்கார்ந்திருக்க, அவர் அங்கே மூங்கில் பிடித்துக்கொண்டிருக்கிறார். கண்ணீர் வரவில்லை, பற்றி எரிந்தது. எழுந்து போய் ஜெயம்மாளிடம், “எங்களுக்கு வேணாங்க. நீங்க அவங்களுக்கே குடுத்துடுங்க” என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் நிற்கவில்லை.

கடைக்குப் போனபோது எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. இந்த மனிதர் அந்த ஊரை விட்டு வரப்போவதில்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒரு பெட்டிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வருவார், ஆயுசுக்கும் அவ்வளவுதான். அப்படியானால் அந்தப் பெட்டியாவது நல்ல பெட்டியாக இருக்கட்டும். பாசத்தில் நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன். கன்னத்தில் அறைகிற மாதிரி வாங்கிக் கொடுக்க நினைத்தேன். உன் உலகம் இதுதானே, எடுத்துக்கொள்.

“அந்த சிவப்பு லைட்டு போட்டதையே குடுங்க” என்றேன்.

கோகுலகிருஷ்ணன் சந்தோஷமாக பில் போட்டார். பழைய லேப்டாப்பை என் கண் முன்னே பிரித்து, நல்ல பாகங்களைத் தனித்தனி டப்பாவில் போட்டார். “இனிமே ரிட்டர்ன் கெடையாதுக்கா, பில்லு போட்டாச்சு. எதனா பிராப்ளம்னா சர்வீஸ் பண்ணித் தரேன்” என்று கனமான அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தார். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் தூக்கிக்கொண்டு நடப்பதற்குள் விரல் மரத்துப்போனது. மணி நாலரையைத் தாண்டியிருந்தது.

கண்ணமங்கலம் வழியாகப் போகிற பஸ்ஸுக்காகப் பெட்டியைக் காலடியில் வைத்து நின்றேன். எதிரே ஒரு பஸ் வந்து நின்று ஆட்களை இறக்கியது. கடைசியில் இறங்கியவர் வலது கையில் துண்டைச் சுற்றியிருந்தார். முழங்காலுக்குக் கீழே கரும்புத் தோகை கீறின கோடுகள். வேட்டியெல்லாம் புழுதி. ஒரு நொடி எனக்கு யாரோ போலத் தெரிந்தது.

அவர் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். “மணி அஞ்சாவலயே? வா, ஆட்டோ புடிக்கலாம்.”

நான் அவர் கையில் சுற்றியிருந்த துண்டையே பார்த்தேன்.

“போன எடுத்துனு வந்தா அப்பா கூப்புடுவாரு கீதா. அவரு குரலக் கேட்டா நான் திரும்பிடுவேன். அதான் வூட்லயே வெச்சிட்டு வந்தேன். நம்ம ரோட்ல ஏறாம, கரும்புக்குள்ளயே நடந்து சந்தவாசல் வந்து பஸ் ஏறினேன். அதான் லேட்டு.” மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே வந்தவர் அப்போதுதான் கீழே பார்த்தார். “இது இன்னா பொட்டி?”

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிக்கொண்டே ஜெயம்மாளுக்குப் போன் போட்டேன். “நீதானம்மா வேணான்னு சொன்ன? அவங்க சீக்கிரமே வந்துட்டாங்க, அட்வான்ஸ் வாங்கிட்டேன்” என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் கடைக்கு ஓடினோம். கோகுலகிருஷ்ணன் எழுந்து நின்று கையைப் பிசைந்தார். பிரித்துப் போட்ட பழைய லேப்டாப்பைக் காட்டினார். அவர் மேல் தப்பில்லை.

தப்பு என் மேல்தான். நாலு வருடமாக இந்த மனிதர் ஒரு தடவையாவது வருவாரா என்று காத்திருந்தேன். வந்த அன்று ஒரு மணி நேரம் எனக்குப் பொறுமை இல்லை. நடுக் கடையில் அழுதேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலாம்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பெட்டியை அவர் மடியில் வைத்துக்கொண்டார். தெரிந்த முகம் ஏறுகிறதா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாசலைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் துண்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். தீமிதிக்கு இன்னும் ஏழு நாள். அந்த அறுபது பேரையும் அவர் மனதில் எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன், ஒவ்வொருவர் காலாக.

“ஞாயித்துக்கெழம ஆடுவீங்களா?” என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டதுதான்.

“ஆடலாம். நல்லா ஓடும் இது.” பெட்டியின் மேல் இருந்த படத்தைத் தடவிப் பார்த்தார். “சூடாவாது.”

மலை தெரிய ஆரம்பித்தது. எங்கள் ஊருக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போதே கண்டக்டரிடம் நிறுத்தச் சொன்னார். எல்லைக்கல்லுக்கு முன்பே இறங்கி, கழனி வழியாக உள்ளே போனால் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. நான் மட்டும் பஸ்ஸில் ஊருக்குள் போக வேண்டும். பெட்டியை என் மடிக்கு மாற்றினார்.

“வேற வூடு பாக்கலாங்க. அடுத்த மாசம்கூட ஆவட்டும், லேப்ல கேட்டுப் பாக்கறேன்” என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.

அவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை.

“காப்பு அவுந்தாலும் இன்னொரு தபா என்னால தாண்ட முடியாது கீதா” என்றார். பஸ் நின்றது, இறங்கிக் கரும்புக்குள் போனார்.